படையலில் வைத்த வண்டு

என் மருமகள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சாமான்களில் புத்தம் புதிய வெள்ளை விரிப்பு ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் நீல நூலால் பூவேலை செய்தது. நானாக இருந்தால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்திருப்பேன். அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை லயத்து வாசலில் விரித்து, ஒரு சாக்கு மக்கிய இலைக்குப்பையை அதன்மேல் கொட்டினாள். கொட்டிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்கவும் தொடங்கினாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதுதான் லயம்; அதில் இருந்த சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி என் காதில் கேட்டாள், "ஏன் மதினி, பொண்ணு பாக்கையில இதெல்லாம் சொன்னாங்களா?"

சொல்லத்தான் செய்தார்கள். பொண்ணு விஞ்ஞான டீச்சர், கண்டிப் பக்கம் கம்பஸில் மேல்படிப்பும் படிக்கிறது, பூச்சிப் படிப்பு என்று டிக்கோயாவில் அவளைப் பெற்றவர்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பூச்சிப் படிப்பு என்றால் தேயிலைக்கு மருந்தடிக்கிற படிப்பு என்று நினைத்தேன். குப்பைக்குள் கையை விடுகிற படிப்பு என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் 'வந்திச்சி' என்றால் அவள் 'வந்தது' என்று திருத்திவிடுகிறாள், எழுத்தில் அப்படித்தான் வருமாம். சரி, என் வாயை நீ திருத்திக்கொள், மற்றவர்கள் பேசியதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் என் மருமகளைப் பற்றிச் சொல்ல முடியாது. அது வண்டுதான். ஆனால் வண்டு மாதிரி உருண்டையாக இருக்காது. எறும்பை இழுத்து நீட்டியதுபோல ஒல்லியாக, புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும். முதுகில் உள்ள மூடி பாதி உடம்புக்கு மேல் வராது, வயிறு முழுக்க வெளியேதான் கிடக்கும். முதன்முதலில் அவளுடைய கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு தொரை இடுப்புக்கு எட்டாத கோட்டைப் போட்டுக்கொண்டு தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பார், அச்சு அசல் அவரேதான். குட்டைச் சட்டைக்காரன் என்று நான் வைத்த பெயரைத்தான் கடைசியில் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். குச்சியால் தொட்டால் வாலைத் தேளைப்போலத் தூக்கும், கொட்டத்தான் தெரியாது, வெறும் மிரட்டல். அதற்குப் பறக்க இறக்கையும் கிடையாது. அதனால் ஒரு மலையில் பிறந்தது அந்த மலையை விட்டு வேறெங்கும் போகாது, அதே பாசிக்குள்தான் பிறந்து அதே பாசிக்குள்தான் சாகும். "எங்க சனம் மாதிரின்னு சொல்லு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பிடித்தான் அத்தே" என்றாள்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே, கடைசித் தேயிலை மலையும் முடிகிற இடத்தில் உச்சிக்காடு தொடங்கும். மரமெல்லாம் கூன் விழுந்து, தாடி தாடியாகப் பாசி தொங்கும். பகலிலும் பனிமூட்டம் விலகாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தொரை அந்தக் காட்டில் இந்த வண்டைப் பிடித்துப் பெயரும் வைத்துவிட்டுப் போனாராம். ஆனால் அவர் பிடித்தது பெட்டை. அதற்குப் பிறகு போனவர்களுக்கு அகப்பட்டதும் பெட்டைதான். ஆண் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து மலையிலும் அதற்கடுத்த மலையிலும் இதே மாதிரிக் குட்டைச் சட்டைக்காரர்கள் இருக்கிறார்களாம். மேலுக்குப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். உள்ளே ஆணின் உறுப்பைப் பார்த்தால்தான் இது வேறு சாதி, அது வேறு சாதி என்று பிரிக்கலாமாம். ஆணைக் கண்டுபிடித்து, தலை முதல் வால் வரை இப்படி இப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பதுதான் என் மருமகளுடைய படிப்பு. கம்பஸில் அவளுக்குப் படிப்பித்த சேர், ஆண் கிடைக்காவிட்டால் எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

லயத்துப் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? "டீச்சரம்மா இன்னைக்கும் ஆம்பள தேடிப் போகுதா?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கேட்பார்கள். அவள் வாயாடிதான். "கெடச்சா ஒங்களுக்கும் ஒண்ணு கொண்டாறேன்க்கா, வீட்டுல இருக்கறதவிட அடக்கமா இருக்கும்" என்பாள். பீலியடியே சிரித்து உருளும்.

என் மகன் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அவனுக்குச் சல்லடைக்கூடம். நாள் முழுக்கத் தேயிலைத்தூள் சலிக்கிற இடம், இருமலோடுதான் வீடு திரும்புவான். அங்கே கழித்துப்போட்ட சல்லடைக் கம்பிவலையை வெட்டி, மரச்சட்டம் அடித்து, பெண்சாதிக்கு ஒரு குப்பைச் சல்லடை செய்து கொடுத்தான். அதோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பின்னாலேயே உச்சிக்காட்டுக்குப் போகத் தொடங்கினான். அவள் பாசியையும் மக்கிய இலையையும் அள்ளிப் போட, அவன் சலிப்பான். சலித்தது வெள்ளை விரிப்பில் விழும். விழுந்ததில் அசைகிறதை அவள் ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் குப்பிக்குள் இழுப்பாள். வாய்க்குள் போகாமல் நடுவில் வலைத்துணி இருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் ஓடிவந்து, "அம்மா, ஒங்க மருமக பூச்சியத் திங்கிறா, சோறு மிச்சம்!" என்று சொல்லி என்னை நம்பவும் வைத்திருந்தான். பேத்தி வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோதும் அவள் ஏறினாள். மூச்சு வாங்கி உட்காருகிற இடத்திலெல்லாம் அவன் விரிப்பை மடித்துப் போட்டு உட்கார வைப்பானாம். பேத்தி பிறந்து, தவழத் தொடங்கி, அதற்குப் பிறகும் பெட்டை, பெட்டை, பெட்டைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் சேரைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தாள். காலையில் நல்ல வெயில். எங்கள் மலையில் அப்படி வெயில் அடித்தால் மனிதருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மகன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மகளைத் தூக்கி முத்தம் கொஞ்சிவிட்டுச் சல்லடையை எடுத்தான், விரிப்பு துவைத்துக் கொடியில் கிடந்ததால் ஒரு பழைய பேப்பரையும்.

"எங்கடா தனியா?"

"மேல வரைக்கும்மா. டீச்சருக்கு இந்தவாட்டி நான் ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன் பாருங்க."

"டீச்சரு இல்லாம ஒனக்கு ஆம்பள எது, பொம்பள எதுன்னு தெரியுமாடா?"

"நான் ஆம்பளதானம்மா, எனக்குத் தெரியாதா?" என்றான். அவன் கடைசியாக என்னோடு பேசியது அதுதான்.

குளவியைப் பற்றி மலைநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற எங்களில் குளவிக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைக்கலாம், சிறுத்தையைக் கண்டால் கூட்டமாகக் கத்தலாம். குளவி எழும்பினால் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைத் தூருக்குள் முகத்தைப் புதைத்துக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவன் நின்ற இடத்தில் மூடிக்கொள்ளத் துணியும் இல்லை, படுத்துக்கொள்ளத் தேயிலையும் இல்லை. விறகுக்குப் போன பெண்கள் சத்தம் கேட்டுப் போனபோது அவன் காட்டை விட்டுத் தவழ்ந்து வந்து, முதல் தேயிலை வரிசையில் தலையை வைத்துக் கிடந்திருக்கிறான். கம்பளியில் போட்டுத் தூக்கிவந்து, கொழுந்து லொறியில் ஏற்றினோம். லொறியில் நான்தான் தலையை மடியில் வைத்திருந்தேன். அவன் முகத்தை நான் சொல்ல மாட்டேன். பேத்தி எழுதுகிறாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முந்தியே மடி கனத்துவிட்டது.

குளவி கொட்டிச் செத்தால் போஸ்ட்மோட்டம் பார்க்காமல் உடம்பைக் கொடுக்க மாட்டார்கள். அதுதான் சட்டமாம். என்னை வெளியே மர வாங்கில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பெற்ற வயிற்றுக்காரி வெளியே, கத்திக்காரர்கள் உள்ளே. வீட்டில் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். கழுத்துக்குக் கீழேயிருந்து தொப்புள் தாண்டி, சாக்குத் தைப்பதுபோலத் தைத்திருந்தார்கள். என் மருமகள் கண்டியிலிருந்து வந்து இறங்கியதும் அந்தத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள். நானும் ஒரு நாளும் அந்தத் தையலை மறக்கவில்லை. மனிதனைத் திறந்து பார்க்கிறதென்றால் பெற்றவள் பக்கத்தில் இருக்கக்கூடாதா? ஒரு ஓரமாக, ஒன்றும் பேசாமல்?

ஆஸ்பத்திரியில் அவன் உடுப்பை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடி இறுக்கித் திருகியிருந்தது. உள்ளே ஸ்பிரிட்டு. ஸ்பிரிட்டில் ஒரு குட்டைச் சட்டைக்காரன் மல்லாந்து கிடந்தான்.

கருமாதி அன்று படையல் போட்டோம். அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். ஆட்டுக்கறி, ரொட்டி, கட்டச்சம்பல், ஒரு பாதிப் போத்தல் சாராயம், அவன் குடிக்கிற சிகரெட், அவனுடைய டோர்ச். நடு இலையில் நான் அந்தக் குப்பியை வைத்தேன். யாரும் சொல்லி வைக்கவில்லை, கை தானாக வைத்தது. அவன் கை கடைசியாகத் தொட்ட சாமான் அது. சாங்கியமெல்லாம் முடிந்த பிறகு மற்றதைச் சனம் பிரித்துச் சாப்பிட்டார்கள். குப்பி அவன் படத்தடியில் இருக்கட்டும் என்றேன். அவனுக்குப் படைத்தது அவனுக்குத்தான், ஒருத்தரும் தொடக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மருமகளுக்கு அது வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

என் மருமகள் அன்று படத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்தவள், குப்பியைப் பார்த்தபடியே நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு அந்தச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்தாள். குப்பியைத் தொடாமல், முட்டிபோட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முதுகு குலுங்கியது.

"என்ன தாயி?"

"அத்தே… இது ஆம்பள."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெட்டைக்கு வயிற்றின் கடைசித் தகடு வழவழவென்று வளைந்திருக்கும், இதற்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது, கத்தரியால் வெட்டினதுபோல என்றாள். என் மகன் சும்மா ஏதாவது ஒன்றைப் பிடித்துவரவில்லை. இத்தனை வருஷமாக யாருக்கும் அகப்படாததை, அவள் இல்லாத ஒரு நாளில் பார்த்து, இதுதான் என்று கண்டு, குப்பியில் போட்டுப் பையில் வைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் குளவி எழும்பியிருக்கிறது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லது, இனி யாரும் காட்டுக்குப் போக வேண்டாம் என்றுதான். ஆணைப் பார்த்தாகிவிட்டது, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். வேறென்ன? அதைத்தான் சொன்னேன். அவள் புள்ளைக்குப் பால் கரைத்தாள். கரைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள். "வெளிய பாத்தா பத்தாது அத்தே. வெளிய கொஞ்சம் தெரியுது. உள்ளாற இருக்கறத எடுத்துத்தான் பாக்கணும்."

"எடுத்துன்னா?"

"வயித்தத் தொறந்து."

"அவனையும் கிழிச்சாங்க. இதையும் கிழிக்கணுமா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் புள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குப்பியைக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

ஒரே காம்பராவுக்குள் இரண்டு பெண்கள் சண்டை போடாமல் இருப்பது சண்டை போடுவதைவிடக் கஷ்டம். அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சமைத்தாள். நான் விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன், கொழுந்து பறித்தேன், வந்தேன். "சாப்டீங்களா அத்தே", "ம்." "புள்ள தூங்குதா", "ம்." லயத்திலும் சும்மா இருக்கவில்லை. பூச்சிக்காகப் புருசனைக் காவு கொடுத்தவள் என்று பேசினார்கள், முன்பு பீலியடியில் சிரித்த அதே வாய்கள்தான். பக்கத்துக் காம்பராக்காரி ஒருநாள் என்னிடமே வந்து அதைச் சொன்னாள். நான் விடவில்லை. "அவ அன்னிக்கு ஊர்லயே இல்ல. என் மகன் போனதே அவளுக்குத் தெரியாது. இன்னொருவாட்டி இந்த வாசல்ல அதப் பேசினீன்னா ஒன் பல்ல எண்ணிக்க" என்றேன். உள்ளே மருமகள் கேட்டிருப்பாள். ஆனாலும் குப்பியை நான் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எனக்குள் இருந்தது. அவள் பக்கம் நிற்க முடிந்தது, அதைக் கொடுக்கத்தான் முடியவில்லை.

ஒருநாள் சேர் போன் பண்ணினார். சிங்களத்தில்தான் பேசுவார். எனக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும், அவர் சொன்னது பாதி விளங்கியது. படிப்புக்குக் கொடுத்த வருஷம் முடியப்போகிறது, இனி நீட்டிக் கொடுக்க மாட்டார்கள், வேறு ஆண் தேடலாமா என்று கேட்டார். தோட்டத்தில் உச்சிக்காட்டுப் பாதையை முள்ளு வைத்து அடைத்திருந்தார்கள். அடைக்காவிட்டாலும் அவளால் போயிருக்க முடியாது. அவன் போன நாளைப்போல வெயில் அடித்தால் கதவைச் சாத்திக்கொள்கிற ஆளாகிவிட்டாள் அவள். "நெத்த சேர்," இல்லை சேர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். படத்தடியில் குப்பி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருந்தோம்.

அவன் செத்த தேதிக்கு மாதாமாதம் நான் சின்னதாக ஒரு படையல் வைப்பேன். ஒரு ரொட்டி, ஒரு மூடி சாராயம். அப்படி வைக்கும்போதுதான் கவனித்தேன். குப்பியில் ஸ்பிரிட்டு குறைந்துகொண்டே வந்தது. மூடியில் எங்கோ கீறல் இருந்திருக்கிறது. வண்டின் வாயும் காலும் வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. எனக்குப் பதறிவிட்டது. என் மகன் மூச்சுத் திணறுகிற மாதிரி இருந்தது. அவளைக் கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. ஸ்பிரிட்டு என்றால் என்ன, சாராயம்தானே என்று நினைத்து, அவனுக்கு ஊற்றியதிலேயே கொஞ்சம் எடுத்துக் குப்பியையும் நிரப்பினேன். அதற்கடுத்த மாதமும் நிரப்பினேன்.

ஒரு மாலை அவள் பள்ளிக்கூடத்தால் வந்து, சுவாமிக்கு விளக்குப் பற்ற வைத்தவள், திரி பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

"அத்தே, இது ஏன் தேத்தண்ணி நெறத்துல இருக்கு?"

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

"அவருக்கு ஊத்துனதையா?"

"வேற எங்க போக? சாராயத் தவறணைக்கா போக முடியும்?"

அவள் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "ஒரு மூடிக்கே ஒங்க மகன் பாட்டுப் பாட ஆரம்பிச்சிருவாரு. இதுக்கு எத்தன மூடி?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி என்னவென்று தெரியாமல் தானும் சிரித்துக் கை தட்டினாள். அவன் போனபிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது. சிரித்து முடிகிற இடத்தில் அழுகை வந்தது. அதை நான் தனியாக அழவும் இல்லை, அவளைத் தனியாக அழ விடவும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "சாராயம் கெட்டியில்ல அத்தே. கொஞ்ச நாளைக்குத் தாங்கும். இப்பிடியே கெடந்தா உள்ளுக்குள்ளயே அழுகிக் கரைஞ்சி போயிரும். நான் கேக்கல. சும்மா சொல்றேன்."

நான் படத்தைப் பார்த்தேன். படையலில் வைத்த சோற்றை நாம் அழுகவா விடுகிறோம்? செத்தவருக்கு வைத்து, கும்பிட்டு, பிறகு வீட்டுச் சனம்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர் பசியாறி மிச்சம் நமக்கு என்றுதானே வழக்கம். ஆட்டுக்கறியை அப்படிச் சாப்பிட்டேன், ரொட்டியைச் சாப்பிட்டேன், இதை மட்டும் அவனுக்கே என்று பிடித்து வைத்திருந்தேன். அவன் இதைத் தனக்கென்றா பிடித்தான்? கற்பூரம் கொளுத்தி ஒருதரம் காட்டிவிட்டு, குப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஒரே ஒரு பேச்சு. தொறக்கையில நான் பக்கத்துல இருப்பேன். கதவச் சாத்தக்கூடாது."

"கதவே கெடையாது அத்தே," என்றாள், "சன்னலோரம் மேசைதான்."

சனிக்கிழமை, பட்டப்பகல். சேர் கொடுத்து வைத்திருந்த பெரிய பார்க்கிற மெசினைச் சன்னலோரம் வைத்தாள். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் விட்டு அதில் வண்டைப் போட்டாள், இளகுவதற்கு. சாராயத்தில் ஊறியதால் ஏற்கெனவே மெத்தென்றுதான் இருந்ததாம். நான் வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். திறப்பதற்கு முன்னால் வெளியே உள்ளதைப் பார்க்கச் சொன்னாள். அப்பா, அந்த மெசினுக்குள் என்ன அழகு! பெட்டையைவிடத் தலை அகலம். முன்னங்கால் பாதம் வீசி விரிந்து, அடியில் வெல்வெட்டு மாதிரி முடி. பெட்டை வழுக்கி விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் என்றாள். "பிடிக்கத் தெரிஞ்சவன்தான்" என்றேன். கடைசித் தகட்டில் அந்த வெட்டு, வெட்டின் இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல்லுப்போலக் கறுத்த முடி. அதைத்தான் என் மகன் வெறும் கண்ணால் கண்டானா, அல்லது தலை அகலத்தைப் பார்த்துக் கண்டானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு அவள் இரண்டு ஊசியை எடுத்தாள். கை நடுங்கியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு விரலைச் சொடுக்கினாள். திரும்ப எடுத்தாள், திரும்ப நடுங்கியது. நான் அவள் முதுகில் கையை வைத்தேன். புள்ளை பெறுகிறவளுக்கு வைப்பதுபோல வைத்துக்கொண்டே நின்றேன். நடுக்கம் என் கைக்கு வந்தது, அவள் கையை விட்டுப் போயிற்று. ஊசியை இறக்கினாள். சத்தம் கிடையாது, இரத்தம் கிடையாது. உள்ளேயிருந்து கடுகிலும் சின்னதாக ஒன்றை இழுத்துத் தண்ணீரில் விட்டாள். "பாருங்க அத்தே." பார்த்தேன். தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, நுனி வளைந்து ஒரு சாமான். நான் எத்தனையோ வருஷம் பார்த்த சாமான். "இது கவ்வாத்துக் கத்திடி!" என்று கத்திவிட்டேன். தேயிலை கவ்வாத்து வெட்டுகிற கத்தி, அதே வளைவு, அதே பிடி. பக்கத்து மலை வண்டுக்கு இது நேராக இருக்குமாம். இது வளைந்திருக்கிறது. அப்படியென்றால் இது வேறு சாதிதான், எங்கள் மலையை விட்டால் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்றாள்.

அவள் படம் வரைந்தாள். வரைந்து முடித்ததும் வண்டைத் திருப்பிப் பார்த்தேன். வயிறு திறந்தபடி கிடந்தது.

"தைக்க மாட்டியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பசையில சின்ன அட்டையில ஒட்டுவேன் அத்தே. கத்தியையும் பக்கத்துலயே ஒட்டுவேன். எதையும் வீசமாட்டேன்."

"அழகா ஒட்டு" என்றேன். அழகாகத்தான் ஒட்டினாள். காலெல்லாம் நீட்டி, தலையை நேராக வைத்து. என் மகனை அப்படிக் கிடத்தித் தந்திருந்தால் நான் இவ்வளவு நாள் அந்தத் தையலை நினைத்திருக்க மாட்டேன்.

வண்டு கொழும்புக்குப் போய்விட்டது. அங்கே மியூசியத்தில் அலமாரியின் ஓர் இழுப்பு லாச்சியில் இருக்கிறதாம். ஆண் இது ஒன்றுதான், இன்னும் வேறு ஆண் யாருக்கும் அகப்படவில்லை. அவள் எழுதியது அச்சாகி வந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். முழுக்க இங்கிலீசு. ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள். தலை பெட்டையைவிட அகலம், முன்னங்கால் பாதம் விரிந்தது, கடைசித் தகட்டில் வெட்டு, உறுப்பின் நுனி வளைந்தது. எனக்கு எல்லாம் மனப்பாடம். பேத்திக்குத் தாலாட்டாக அதைத்தான் பாடியிருக்கிறேன், அவளைக் கேட்டுப் பாருங்கள்.

"என் மவன் பேர வச்சியா அதுக்கு?" என்று கேட்டேன்.

"வைக்க முடியாது அத்தே. பேரு அந்தத் தொரை காலத்துலயே வச்சாச்சி. நான் ஆம்பள எப்பிடி இருக்கும்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் என் விரலைப் பிடித்து ஒரு வரியில் வைத்தாள். "புடிச்சவங்க பேருன்னு ஒரு எடம் இருக்கு. பெட்டையப் புடிச்ச தொரை பேரு இது. ஆம்பளயப் புடிச்சது இவரு." உற்றுப் பார்த்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் பெரிசு சின்னது தெரியாதா? இரண்டும் ஒரே அளவு. எங்கள் ஆளுடைய எழுத்துக் கொஞ்சம்கூடச் சின்னதாக இல்லை. நான் விரலை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்தினேன். எழுத்துத்தான் வராது, எண் எனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற தராசு முள்ளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் நான், என்னை ஒரு கங்காணியும் ஏமாற்றியதில்லை. பெயருக்குப் பக்கத்தில் எண் இருந்தது. நாள், மாதம், வருஷம். நாள், நான் மாதாமாதம் படையல் வைக்கிற அதே நாள்.

"இது என்ன தேதி?"

அவள் தாளின் மடிப்பை நீவிவிட்டாள்.

"தாயி, இது என்ன தேதி?"

"புடிச்ச தேதி அத்தே. கட்டாயம் போடணும்."

அவள் என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் வைத்தாள். எங்கெங்கோ உள்ள படித்தவர்கள் அதைப் பார்ப்பார்களாம், இத்தனையாம் தேதி இந்த மலையில் ஓர் ஆள் ஒரு வண்டு பிடித்தான் என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்களாம். வெயில் எப்படி இருந்தது என்றும் போடலாமா என்று கேட்டேன். அந்தப் பத்தியில் அதற்கு இடமில்லை என்றாள்.